பத்தைத் தொடாதே

அத்தியாயம் 9

துப்பறிய வந்தவர்களுக்கு ஒரு மருந்துக் கம்பெனி முதலாளி ஏலக்காய் டீ கொடுத்தால் சந்தேகப்பட வேண்டும். கூடவே முந்திரி பிஸ்கெட்டும் வந்தால் நிச்சயம் ஏதோ இருக்கிறது. ஜவஹர் இரண்டும் கொடுத்தார். நான் பிஸ்கெட்டில் நாலு தின்றேன். என் புத்தி அவ்வளவுதான்.

என் பெயர் உமர் ஃபாரூக், திருவல்லிக்கேணி. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ‘பேச்சி துப்பறியும் நிலையம்’ என்று ஒரு போர்டு தொங்கும். அதில் பேச்சி என்பது என் முதலாளி பேச்சியம்மாள். நிலையம் என்பது நான். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருஷம் மருந்து இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். எவனையும் நம்ப மாட்டார். சம்பளம் கேட்டால் என்னையும் நம்ப மாட்டார்.

அன்று வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. ஈக்காட்டுத்தாங்கலில் மிருதுளா பயோ என்ற கம்பெனியில் உட்கார்ந்திருந்தோம். ஜவஹர் அதன் நிர்வாக இயக்குநர், எம்.டி.

நாங்கள் அங்கே போனது சிம்ராவுக்காக. எங்கள் தெருவில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அஃப்சருன்னிசா ஆபா இருக்கிறார். ஆபா என்றால் எங்கள் வீட்டில் அக்கா. அவருடைய மகள் சிம்ராவுக்கு எட்டு வயது. அந்தப் பிள்ளையின் உடம்பில் ஒரு என்சைம் பிறவியிலேயே கிடையாது. அது இல்லாவிட்டால் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில் மூச்சு இழுக்கிற தசை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த என்சைமை டிரிப்ஸில் ஏற்றினால் பிள்ளை பள்ளிக்கூடம் போவாள், என்னோடு சரிக்குச் சரி வாயாடுவாள். அந்த மருந்தை இங்கே தயாரிப்பது மிருதுளா மட்டும்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இரண்டு மாதமாகும்.

ஆறு வாரத்துக்கு முன்னால் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே சிம்ராவுக்கு உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்துக்கொண்டது. எப்படியோ பிழைத்தாள். அதே வாரம் கோடம்பாக்கத்தில் ஒரு பையனுக்கு அதே மாதிரி ஆகி, அவன் பிழைக்கவில்லை. அந்தப் பயத்தில் சிம்ராவுக்கு இரண்டு தவணை மருந்து தவறிவிட்டது. இப்போது படுத்தால் மூச்சு வாங்குகிறது. மூன்றாவது தவணையும் தவறினால் தொண்டையில் குழாய் போட்டு மிஷினில்தான் மூச்சு, அதிலிருந்து திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மூன்றாவது தவணை இன்று மதியம் இரண்டு மணிக்கு, அடையாறில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில்.

எங்களிடம் இருந்த ஒரே துப்பு ஒரு குரல். மிருதுளாவில் மருந்தைச் சுத்தம் செய்யும் பிரிவுக்குத் தலைவர் ஸ்ரீஹரி என்ற மயிலாப்பூர்க்காரர். நாங்கள் விசாரிப்பது தெரிந்து, திங்கட்கிழமை சாயங்காலம் அக்காவின் போனுக்கு ஒரு பதிவு அனுப்பினார். அனுப்பிய ஒரு மணி நேரத்தில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தார். இன்னும் கண் திறக்கவில்லை. அவர் அனுப்பியது இவ்வளவுதான்:

“மேடம், ஸ்ரீஹரி பேசறேன். நேர்ல வந்து எல்லாம் சொல்றேன். இப்போதைக்கு ஒண்ணு மட்டும். காலம் பத்து மேடம். பத்துலேர்ந்து வந்த மருந்து எதையும் கொழந்தேளுக்குப் போடப்டாது.”

காலம் என்றால் இவர்கள் தொழிலில் நேரம் இல்லை. மருந்தை வடித்துச் சுத்தம் செய்கிற ஆளுயரக் கண்ணாடி உருளைக்கு அதுதான் பெயர், இங்கிலீஷ் வார்த்தை. பதிவைக் கேட்டுக் காகிதத்தில் ‘காலம் நம்பர் 10’ என்று எழுதியது நான். அக்கா மறுநாளே, ஸ்ரீஹரி சொன்ன பத்தாம் நம்பர் மருந்தையெல்லாம் அழிக்க வேண்டும் என்று ஜவஹருக்குக் கடிதம் போட்டார். ஜவஹரும் உடனே ஒரு பட்டியல் அனுப்பினார். சிம்ராவுக்கும் கோடம்பாக்கம் பையனுக்கும் போட்ட மருந்து பத்தாம் நம்பர் உருளையில் வடித்ததாம். நாலாம் நம்பர் உருளையில் வடித்தது சுத்தமாம். நாலாம் நம்பர் மருந்தை இலவசமாகவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். கதை முடிந்தது என்று நான் நினைத்தேன். அக்கா மட்டும் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றார்.

“பாருங்க மேடம், தாராளமா பாருங்க” என்று ஜவஹர் எங்களை உள்ளே அழைத்துப் போனார்.

ஒரு பெரிய கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு உருளைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் நம்பர்.

“தொட்டியில செல் வளர்க்கறோம். அது மருந்தை மட்டும் சுரக்காது, ஆயிரம் குப்பையும் சேர்ந்து வரும்” என்றார் ஜவஹர். “எல்லாத்தையும் இதுக்குள்ள விடுவோம். உள்ளே மாவு மாதிரி பொடிப்பொடியா மணிகள். நமக்கு வேண்டிய மருந்து மட்டும் மணியில ஒட்டிக்கும். குப்பை வழிஞ்சு ஓடிடும். அப்புறம் உப்புத் தண்ணி விட்டா மருந்து பிடியை விட்டுட்டு வெளியே வந்துடும்.”

“இன்னா சார், நம்ம ரங்கநாதன் தெரு மாரி சொல்லுங்க” என்றேன். “வேலைக்குப் போறவன் நிக்காம போய்க்கினே இருப்பான். பொடவை வாங்க வந்தவங்க கடையில ஒட்டிக்குவாங்க. ஷட்டரை எறக்குனாதான் வெளிய வருவாங்க.”

ஜவஹர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. “ஷட்டர் எறக்குன பொறவும் உள்ளுக்குள்ள ஒண்ணு ரெண்டு ஆளு கெடக்குமே சார், அத என்ன செய்வீங்க?”

“காஸ்டிக் சோடா விட்டுக் கழுவிடுவோம் மேடம்.”

“கழுவுனா போயிருமா?”

“பெரும்பாலும் போயிடும். அதனாலதான் ஒரு மருந்துக்கு ஒரு காலம்னு வச்சிருக்கோம். வேற சரக்கை உள்ளே விடறதே இல்லை. இந்த என்சைமுக்கு நாலும் பத்தும்தான்.”

நான் நாலையும் பத்தையும் பார்த்தேன். பத்தாம் நம்பருக்குள் மணிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. நாலாம் நம்பரின் மேல்பக்கம் ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்பேறிக் கிடந்தது.

“அக்கா, குத்தவாளி புது மாப்ள மாரி பளிச்சுனு கீறான். நல்லவன் டீ கிளாஸ் மாரி கறை புடிச்சுக் கீறான்” என்றேன். சிரிப்புக்குத்தான் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னதிலேயே அந்த ஒன்றுதான் உண்மை.

“நாலு சீனியர் தம்பி, உழைச்ச உடம்பு” என்றார் ஜவஹர் சட்டென்று. “பத்துல மணியெல்லாம் மாத்தி ரெண்டு மாசம்தான் ஆகுது. அந்தப் புதுச் சரக்குலதான் ஏதோ கோளாறு.”

மேஜை மேல் ஒரு தெர்மோகோல் பெட்டி தயாராக இருந்தது. பத்தாம் நம்பரில் வடித்த மருந்து மொத்தம் பதினெட்டு பாட்டில். வாசலில் வண்டி நின்றது, நேராக எரிசூளைக்கு. ஆபத்தான மருந்து ஒரு நிமிஷம்கூட இங்கே இருக்கக் கூடாது என்றார் ஜவஹர். சாட்சியாக அக்கா ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

அக்கா பேனாவை எடுத்து ‘பத்தாம் நம்பர் காலத்தில்’ என்று ஆரம்பித்தார்.

“நம்பராவே போட்டுடுங்க மேடம், 10-ன்னு. எழுத்துல வேணாம்” என்றார் ஜவஹர்.

அக்கா ஒரு நொடி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு 10 என்று போட்டுக் கையெழுத்திட்டார். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தேன். டிரைவருக்கு ஒரு சலாமும் வைத்தேன்.

வெளியே வந்து பைக்கைக் கிளப்பினேன். சைதாப்பேட்டை பாலம் தாண்டினோம். நந்தனம் சிக்னலில் நிற்கும்போது முதுகில் ஒரு தட்டு.

“ஏ உமரு. முப்பது வருசத்துல எத்தன கம்பெனிக்கு நோட்டீஸ் குடுத்திருப்பேன். ஒரு பயலாவது நான் சொன்னத மறுநாளே செஞ்சிருக்கானா? வக்கீலக் கூட்டிட்டு வருவான், வயித்து வலின்னு படுத்துக்கிடுவான். இவன் டீ குடுத்து, நன்றி சொல்லி, மருந்த எரிக்கான்.”

“நல்லவன் போலக்கா.”

“நல்லவன எனக்குத் தெரியும்ல. அவன் பிஸ்கெட்டு குடுக்க மாட்டான். ஸ்ரீஹரி வீட்டுக்கு விடு.”

“அவரு ஆஸ்பத்திரில கீறாரேக்கா.”

“வீட்டம்மா இருப்பாங்கள்லா. விடு.”

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. ஸ்ரீஹரியின் மனைவி வைஜயந்தி மாமி கதவைத் திறந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து முகம் வீங்கியிருந்தது. குளித்துவிட்டுத் திரும்பிப் போவதற்காக வந்திருந்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள்.

“உக்காருங்கோ. என்ன சொல்றதுன்னே தெரியல. டாக்டர் கையை விரிச்சுட்டார்” என்றார் மாமி. “ரெண்டு மாசமா மனுஷர் சரியாவே சாப்பிடல. கேட்டா ஒண்ணுமில்லைம்பார். அந்தக் கோடம்பாக்கத்துக் கொழந்தை போனதுலேர்ந்து தூக்கமும் போச்சு. நான்தான் பாவி, யார்கிட்டயாவது சொல்லித் தொலையுங்கோன்னு அன்னிக்குக் கத்தினேன். உங்களுக்குப் போன் பண்ணிட்டு வந்து இந்த நாற்காலியில உக்காந்தார். அவ்வளவுதான்.”

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மணி பார்த்தேன். ஒன்று இருபது.

அப்போது வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. வீட்டு வேலை செய்யும் வேலம்மா உள்ளே வந்தார். எங்களைப் பார்த்துப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“மாமி, பத்து எடுத்துப் போட்டுட்டீங்களா? தேச்சுக் குடுத்துட்டுப் போய்க்கினே இருக்கேன். ரேஷன் கடைல கூட்டம் கீதாம்.”

பின்பக்கத் தொட்டியடியில் பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. கண்ணில் பட்டதை எண்ணுவது எனக்கு ஒரு வியாதி. அதோடு, அந்த வீட்டில் யாராவது ஒருவர் சிரித்தால் தேவலை என்றிருந்தது.

“இன்னாம்மா, பத்துன்ற? பதிமூணு கீதே. மிச்சம் மூணு யார் தேய்க்கறது, நானா?”

வேலம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா நைனா, நீ மெட்ராசுதானே? சோறு தின்ன பாத்திரம்னா அது பத்து. ஒண்ணு இருந்தாலும் பத்து, நூறு இருந்தாலும் பத்து. இது நம்பரு இல்ல.”

பார்த்தசாரதி கோயில் தெருக்களில் இந்த வார்த்தையை ஆயிரம் தடவை கேட்டு வளர்ந்தவன் நான். பத்துப் பாத்திரம் தேய்க்கிறேன் என்றால், ஏதோ சுமாராகப் பத்து பாத்திரம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு ஜூட்டா பர்த்தன், அதாவது எச்சில் பாத்திரம், என்று பெயர். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மாமியின் கையை விட்டுவிட்டிருந்தார்.

“எங்கூர்ல ஏனம் கழுவுததுன்னு சொல்லுவோம்” என்றார் அக்கா மெதுவாக. “மாமி, பத்துன்னா எச்சிலா?”

“எச்சில் வேற, பத்து வேற” என்றார் மாமி. “சாதம் பட்டுடுத்துன்னா அது பத்து. பத்தைத் தொட்ட கையால மோர், நெய் எதையும் தொடப்டாது, கையலம்பிட்டுத்தான் தொடணும். ஒண்ணுல பட்டது இன்னொண்ணுல சேரப்டாதுன்னுதான். எங்காத்துல இவருக்கு இதெல்லாம் ஜாஸ்தி. பிளான்ட்டுக்கே கொண்டு போயிட்டார். ஒரு காலத்துல வேற ஏதாவது சரக்கு பட்டுடுத்துன்னா, காலம் பத்தாயிடுத்தும்பார். அங்க இருக்கற பசங்களும் எம்.டி.யும்கூட அப்படித்தான் பேசுவாளாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.”

அக்கா போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டார். கணவரின் குரல் வந்ததும் மாமி வாயைப் பொத்திக்கொண்டார். காலம் பத்து மேடம். பத்துலேர்ந்து வந்த மருந்து எதையும் கொழந்தேளுக்குப் போடப்டாது.

“காலம் பத்துங்கறாரே” என்றார் மாமி அழுதுகொண்டே. “காலம் கெட்டுடுத்துங்கறார்.”

“எந்தக் காலம் மாமி?”

“அதைச் சொல்லலியே அவர்.”

மாமி எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சின்ன டைரியைக் கொண்டுவந்தார். அக்கா பக்கம் புரட்டினார். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதியில் நுணுக்கி நுணுக்கி இரண்டு வரி.

‘4 — குதிரை. பத்து.

10 — புது மணி. மடி.’

மடி என்றால் சுத்தம், அது எனக்கே தெரியும். “குதிரையா?” என்றேன்.

“ஆடி மாசம் ஒருநாள் வந்து வாசல்லயே நின்னார்” என்றார் மாமி. “குதிரை ரத்தத்துல வேலை, குளிச்சுட்டுத்தான் உள்ளே வருவேன்னார். பாம்புக்கடி மருந்தை யாரோ வெளிக் கம்பெனிக்குச் சுத்தம் பண்ணித் தராளாம். வேற காலம் காலியில்லை, கொழந்தைகள் மருந்து வடிக்கற காலத்துலயே விடச் சொல்லிட்டார் எம்.டி.ன்னு சொன்னார்.”

பாம்புக்கடி மருந்தைக் குதிரையின் ரத்தத்திலிருந்துதான் எடுப்பார்கள். அந்தக் குதிரைச் சரக்கை நாலாம் நம்பர் உருளையில் விட்டு வடித்திருக்கிறார்கள். பிறகு கழுவிவிட்டு, குழந்தைகள் மருந்தை அதிலேயே விட்டிருக்கிறார்கள். ஷட்டர் இறக்கிய பிறகும் மணிகளுக்குள் மிச்சம் கிடந்த குதிரைப் புரதம் ஒவ்வொரு பாட்டிலிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. சிம்ராவின் தொண்டையை அடைத்தது அதுதான். பட்டியல் முழுக்கப் பொய். எங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு, அதற்குத் தோதாக உட்கார்ந்து எழுதியது.

மணி ஒன்று நாற்பத்தைந்து. ஆபாவுக்குப் போன் போட்டேன்.

“உமர்? இப்பதான் மாட்டினாங்க” என்றார் ஆபா. “சிஸ்டர் தொறக்கப் போறாங்க.”

“வேணாம் ஆபா. நிறுத்தச் சொல்லுங்க. ஒரு சொட்டு எறங்கக் கூடாது.”

“என்ன சொல்றே? நாலு நல்ல மருந்துன்னு நீதானே சொன்னே?”

“தப்பா சொல்லிட்டேன் ஆபா. சிஸ்டர்கிட்ட போனைக் குடுங்க.”

சிஸ்டர் வாங்கினார். சொன்னேன். ஊசி குத்தியாகிவிட்டது, மருந்து இன்னும் இறங்கவில்லை என்றார். பாட்டிலைக் கழற்றும் சத்தம் கேட்கும் வரை நான் போனை வைக்கவில்லை.

அதற்குள் அக்கா ஜவஹரைக் கூப்பிட்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டார். எனக்குள் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருந்தது. பத்தாம் நம்பர் சுத்தமென்றால், அந்தப் பதினெட்டு பாட்டிலும் சுத்தம். வண்டி வழியில் எங்காவது டிராஃபிக்கில் நிற்கலாம்.

“ஜவஹர், காலைல ஏத்துன பெட்டி எங்க?”

“பன்னெண்டரைக்கே சூளைக்குள்ள போயாச்சு மேடம். சர்ட்டிஃபிகேட்டும் வந்தாச்சு.”

“சாம்பிள்னு ரெண்டு பாட்டில் எடுத்து வச்சிருப்பியே, சட்டப்படி.”

“பத்துல வந்தது எல்லாத்தையும் அழிக்கணும்னு எழுதியிருந்தீங்க. அதையும் சேர்த்துத்தான் பதினெட்டு.”

“நாலுதான் பத்துன்னு ஒனக்குத் தெரியும். ஸ்ரீஹரி சொன்னதா நான் எழுதுன அன்னைக்கே ஒனக்குத் தெரியும்.”

ஜவஹர் மிக மரியாதையாகச் சொன்னார். “பத்துன்னா பத்துதான் மேடம். உங்க கையெழுத்துக்கு மேலயே நம்பர்ல இருக்கு. பெட்டியை உங்க தம்பிதான் வண்டியில ஏத்தினார், கேமராவுல அழகா விழுந்திருக்கு. கேஸ் போடறதுன்னா போடுங்க. நாலாம் நம்பர் பாட்டிலைச் சோதிச்சாலும், ஒத்துப் பார்க்க பத்தாம் நம்பர் பாட்டில் வேணுமே, அது எங்கேன்னு கோர்ட்டுல கேப்பாங்க.”

போன் வைக்கப்பட்டது. வேலம்மா கையில் சாம்பலும் நாருமாக நின்றுகொண்டிருந்தார். அந்த டைரியை எடுத்துப் போகலாமா என்று அக்கா கேட்டார். மாமி தலையை ஆட்டினார்.

அடையாறுக்குப் போகிற வழியெல்லாம் நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் டாக்டர் எங்களை நிற்க வைத்தே பேசினார். முப்பத்தைந்து வயதிருக்கும், களைத்த மனிதர். டைரியைப் பார்த்தார், இரண்டு வரியையும் இரண்டு தடவை படித்தார்.

“அலர்ஜிக்கு முன்னாடியே ஊசி போட்டுட்டு, இந்த மருந்தை மெதுவா ஏத்த முடியாதா சார்?” என்று கேட்டேன்.

“என்ன இருக்குன்னு தெரியாம இருந்தா முயற்சி பண்ணியிருப்பேன். இப்ப தெரிஞ்சு போச்சே. போன தடவை பட்டதுக்கு அவ உடம்பு தயாரா காத்துக்கிட்டிருக்கு. இன்னொரு தடவை பட்டா என் கையிலயே போயிடுவா. என்னால முடியாது.”

“வேற எங்கயாவது?”

“எல்லா ஆஸ்பத்திரிலயும் கேட்டுட்டேன். இருக்கறதெல்லாம் நாலுலேர்ந்து வந்ததுதான். பத்துல வந்தது கொஞ்சம்தானாம், அதையும் இந்த வாரம் திருப்பி வாங்கிட்டாங்களாம்.” எங்கள் கடிதத்தைக் காட்டித்தான் வாங்கியிருப்பார்கள். டாக்டர் அதைச் சொல்லவில்லை. “பத்துல புதுசா வடிச்சாலும் மாசக்கணக்கு ஆகும். வெளிநாட்டுக்கு எழுதியிருக்கேன். ரெண்டு மாசம் மிஷின்ல தாக்குப் பிடிக்கணும். பிடிப்பாள்னு நான் சொல்ல மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள குழாய் போட்டாகணும், மூச்சு ரொம்ப இறங்குது.”

ஆபா வராந்தாவின் கடைசியில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பத்து, குதிரை, பெட்டி, சூளை. நான் எழுதியது, நான் தூக்கியது. ஒன்றையும் மறைக்கவில்லை.

“அப்ப நீ ஏன் போன் பண்ணே?” என்றார் ஆபா.

“ஆபா…”

“நீ போன் பண்ணாம இருந்திருந்தா அது ஏறியிருக்கும் உமர். ஏறி, ஒத்துக்கினாலும் ஒத்துக்கினு இருக்கும். எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. இப்ப ரெண்டும் இல்லாம பண்ணிட்டியே.”

எதைக் கேட்டாலும் சட்டென்று ஒரு பதில் வைத்திருப்பவன் நான். அந்தத் திமிரில்தான் அந்தப் பதிவை ஒரே தடவை கேட்டுவிட்டு எழுதினேன். இரண்டாவது தடவை கேட்டிருக்கலாம். யாராவது ஒரு மயிலாப்பூர்க்காரரிடம் போட்டுக் காட்டியிருக்கலாம். செய்யவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து அக்கா மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். முதல் வரியே ‘தவறு என்னுடையது’ என்று இருந்தது.

“என் தப்பத்தான் முதல்ல எழுதுதேன். பொறவுதான் அவன் தப்பு” என்றார்.

“இதனால ஜவஹர் மாட்டுவானாக்கா?”

“மாட்ட மாட்டான். என் லைசென்சுதான் போவும். எழுதாம இருக்க முடியலல.”

அறைக் கதவு திறந்தது. டாக்டர் தலையை நீட்டி ஆபாவைக் கூப்பிட்டார். குழாய் போடுவதற்கு முன்னால் தூக்க மருந்து கொடுக்கப் போகிறார்களாம். பிள்ளை பயந்து அழுதால் மூச்சு இன்னும் திணறும், யாராவது பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுக்க வேண்டும் என்றார். ஆபா உள்ளே போக ஓர் அடி வைத்தார். பிறகு நின்று, முகத்தைத் துடைத்துப் பார்த்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

“நீ போ” என்றார் என்னிடம். “என்னால முடியாது. என் மூஞ்சியப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சுடும். நீ பேசினா சிரிப்பா.”

போனேன். சிம்ரா இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“உமர் மாமூ, இன்னைக்கு மருந்து இல்லியாம். லீவு விட்டுட்டாங்க.”

“ஆமா. நான்தான் சொல்லி லீவு வாங்குனேன்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். அம்மா மேல சத்தியமா நான்தான்.”

அவள் சிரித்தாள். சிரிப்புக்கே மூச்சு போதவில்லை. “கதை சொல்லு” என்றாள்.

சிஸ்டர் டிரிப்ஸ் குழாய் வழியாக வெள்ளையாக அந்தத் தூக்க மருந்தை ஏற்ற ஆரம்பித்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் ஜில்லென்று இருந்தது.

“ஒரு ஊர்ல ஒரு துப்பறியறவன் இருந்தான். பயங்கர அறிவாளின்னு அவனுக்கு நெனப்பு. ஆனா முட்டாளு.”

“அது நீதான்.”

“கதைல குறுக்க பேசக் கூடாது. அவனுக்கு எண்ணத் தெரியும், அவ்ளோதான் தெரியும். எதைப் பாத்தாலும் எண்ணுவான். ஒரு நா ஒரு பாட்டி வீட்டுக்குப் போனான். அங்க ஒரு குதிரை, சமையல்கட்டுல உக்காந்துக்கினு…”

“குதிரை எப்பிடி உக்காரும்?” அவள் கண் சொருகிக்கொண்டு வந்தது.

“அதான் நானும் கேட்டேன். அதுக்கு அந்தக் குதிரை இன்னா சொல்லுச்சு தெரியுமா? எனக்கு நாலு கால் வலிக்குதுப்பா, உனக்கு ரெண்டுதானே, நீ நில்லுன்னுச்சு.”

உதடு கொஞ்சம் விரிந்தது. என் விரலைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. டாக்டர் என் தோளைத் தொட்டு, தூங்கிட்டா, போதும் என்றார். நான் எழுந்தேன். மிஷினைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

ஆபா கதவருகே வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

“இன்னும் கொஞ்சம் பேசு உமர்” என்றார்.